போதும் என்று சொல்ல வேண்டியவர் யார்?

இடையஞ்சாவடியும் மரக்காணம் உப்பளமும் ஒரே வடகிழக்குப் பருவமழையின் கீழ் வாழ்கின்றன. ஆனால் இரண்டும் அதை ஒரே முகத்தோடு வரவேற்பதில்லை. எங்கள் பக்கம் செம்மண் மேடு. முந்திரி, சவுக்கு, மானாவாரி மல்லாட்டை என்று மழையைப் பார்த்து நிற்கும் நிலம். ஐப்பசியில் வானம் பொய்த்தால் அடுத்த சித்திரையில் கிணறு சொல்லிக்காட்டும். வடக்கே கழுவெளியைத் தாண்டி மரக்காணத்துக்குப் போனால் கணக்கு தலைகீழாகிறது. அங்கே முதல் பெருமழை பாத்தியில் இறங்கிய நாளோடு அந்த ஆண்டின் உப்பு வேலை முடிந்துவிடும். எங்கள் மேட்டில் பெய்யும் மழையிலும் ஒரு பங்கு ஓடைகளில் இறங்கி, கழுவெளியில் தேங்கி, மரக்காணத்து முகத்துவாரம் வழியாகத்தான் கடலைச் சேர்கிறது. மேட்டுக்கு வரமான நீரே பள்ளத்துக்கு நட்டம். இந்த வட்டாரத்துச் சபைகளில் மழை மாதத்து ஞாயிறுகளில் மழைக்காக ஸ்தோத்திரம் ஏறெடுக்கப்படுவதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, நன்றியறிதலைப் பற்றிய எந்தப் பிரசங்கமும் இந்த நிலத்தைத் தொடாமல் நிறைவடைவதில்லை. மழைக்கு நன்றி சொல்லும் செபத்துக்கு, மழையால் கூலி இழந்தவரும் ஆமென் சொல்கிறார். அந்த ஆமெனில் என்ன இருக்கிறது, அதை அவரிடம் கேட்டு வாங்க யாருக்கு உரிமை இருக்கிறது என்பதையே இங்கே யோசித்துப் பார்க்கிறேன்.

முதலில் உப்பளத்து வேலையின் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. உப்பங்கழியிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் எடுக்கும் உவர்நீரைப் பாத்தி மாற்றிப் பாத்தி வெயிலில் சுண்டவைத்து, உவர்நீரின் அடர்த்தியை அளக்கும் போமே மானியில் 25 பாகையை எட்டிய பிறகே சமையல் உப்பு படியத் தொடங்கும். 30 பாகையைத் தொடவிட்டால் மெக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பேறும். அந்த இடைவெளிக்குள் பலகை போட்டு வார வேண்டும். வெயில் எவ்வளவு கடுமையோ அவ்வளவு நல்ல உப்பு. அதாவது உடம்பை வாட்டுவது எதுவோ அதுவே வருமானம். ஜனவரியில் பாத்தி திருத்தி வேலை தொடங்கினால் செப்டம்பர், அக்டோபர் வரை ஓடும். மீதி மாதங்கள் வெறுங்கை. அந்த மாதங்களுக்கென்று தமிழக அரசு அண்மை ஆண்டுகளில் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. 2011 டிசம்பரில் தானே, 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று இந்தக் கரையைத் தாக்கிய புயல்களை வரிசையாக வைத்தால், வெறுங்கை மாதங்கள் எந்த ஆண்டு எவ்வளவு நீளும் என்பது யார் கையிலும் இல்லை என்பது விளங்கும். உப்பளத்து நிலத்தின் பெரும்பகுதி அரசுடையது. குத்தகைக்கு எடுத்தவர் ஒருவர், உப்பை வாங்கி விற்பவர் இன்னொருவர், வாருபவர் வேறொருவர். மழையின் நட்டம் இந்த மூவருக்கும் உண்டு. ஆனால் அந்த நட்டம் அடுப்பு வரைக்கும் போவது மூன்றாமவர் வீட்டில்தான்.

இனிச் சபையின் பக்கம். தமிழ்க் கிறிஸ்தவ வாழ்வில் நன்றி என்பது உள்ளத்தில் வைத்துக்கொள்ளும் உணர்ச்சியாக மட்டும் இருந்ததில்லை. அதற்குக் காலமும் இடமும் பொருளும் உண்டு. அறுப்பின் பண்டிகையில் முதல் வாழைத்தார், முதல் பூசணி, சேவல், தேங்காய் எல்லாம் பீடத்தின் முன்னால் வந்து சேரும். பிறகு ஏலம் போகும். ஒரு பூசணிக்காய் சந்தை விலையைப் போலப் பல மடங்குக்குப் போவதும், ஏலம் எடுத்தவரே அதை மறுபடி காணிக்கையாகத் திருப்பித் தருவதும் பல சபைகளுக்கும் பழக்கமான காட்சி. சமைக்க எடுக்கும் அரிசியில் ஒரு பிடியைத் தனியே போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொட்டும் கைப்பிடி அரிசிக் காணிக்கையும் அப்படித்தான். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்கள், நோயையும் கடனையும் இறப்பையும் சொல்லிவிட்டு, ‘இம்மட்டும் நடத்தினார்’ என்று முடிப்பார்கள். என் நினைவில் தங்கியிருக்கும் சாட்சிகளில் பெரும்பாலானவை எதையாவது பெற்றவர்களின் சாட்சி அல்ல. எதையோ இழந்தும் எழுந்து நின்றவர்களுடையது. இருப்பவர்களின் சாட்சி சுருக்கமாகவும் பொதுவாகவும் இருக்கும், இல்லாதவர்களுடையது ஆள், நாள், இடம் என்று விவரத்தோடு இருக்கும் என்பதையும் இந்தப் பழக்கத்தில் வளர்ந்த யாரும் கவனித்திருப்பார்கள்.

இந்தச் சாட்சிகளை வைத்துப் பார்த்தால், நன்றி என்பது வரவுக் கணக்கு என்ற எளிய விளக்கம் நிற்காது. நல்லது நடந்தது, அதனால் நன்றி என்று வைத்துக்கொண்டால் மழை நாளில் செம்மண் மேட்டுக்காரர் மட்டுமே பாட வேண்டும், உப்பளத்துக்காரர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். வேதத்தில் இதற்கு நேரான இடம் ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகம். அத்திமரம் பூக்காமல், திராட்சை பலன் தராமல், வயல் விளையாமல், தொழுவத்தில் மாடு இல்லாமல் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்ற பொருளில் அது முடிகிறது. அந்த முடிவு நம் பிரசங்கங்களில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அதே புத்தகம் எப்படித் தொடங்குகிறது என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. கொடுமை நடக்கிறது, நியாயம் புரட்டப்படுகிறது, எவ்வளவு காலம் கூப்பிட்டும் நீர் கேட்கவில்லையே என்று கடவுளிடமே வழக்காடித்தான் அது தொடங்குகிறது. சங்கீதப் புத்தகத்திலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடும்தான். ஆகவே வேதத்தின் நன்றி முறையீட்டின் வாயை அடைத்துவிட்டு வருவதில்லை. முறையிட வேண்டியதை முறையிட்ட பிறகு, பதில் வரும் முன்பே, நம்பிக்கையின் பேரில் சொல்லப்படுவது அது. உப்பளத்துக்காரரின் ஆமெனைப் புரிந்துகொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் தம் நட்டத்துக்கு நன்றி சொல்லவில்லை. நட்டத்தைவிடத் தம் வாழ்க்கை பெரியது என்று சொல்கிறார்.

நன்றியறிதலை இன்று மனநலப் பயிற்சியாகவும் பரிந்துரைக்கிறார்கள். அதற்கு ஆதாரமும் உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றி கூறத்தக்கவற்றை வாரந்தோறும் எழுதி வந்தவர்கள், தொல்லைகளை எழுதி வந்தவர்களைவிடத் தம் வாழ்க்கையைப் பற்றி நல்லபடியாக உணர்ந்தார்கள். நரம்புத் தசை நோயாளிகளிடமும் இந்தப் பழக்கம் பலன் தந்தது. இதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. நம் பாட்டிமார் கைப்பிடி அரிசியில் கண்ட உண்மைக்கு இது இன்னொரு சாட்சி. ஆனால் நன்றியைப் பற்றி வேறோர் ஆய்வும் இருக்கிறது, அதை நம் மேடைகளில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஜெர்மனியில் இன்னா க்செனோஃபோன்டோவ், ஜூலியா பெக்கர் ஆகியோர் செய்த ஆய்வுகளில், அதிகாரம் குறைந்தவர்கள் அதிகாரம் மிக்கவர்கள் செய்த உதவிக்கு நன்றி தெரிவித்த பிறகு, தமக்கு இழைக்கப்பட்ட அநீதியை எதிர்க்கும் எண்ணம் அவர்களிடம் குறைந்தது தெரியவந்தது. இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. நன்றி மனதை அமைதிப்படுத்தும் என்பதில் இரண்டுக்கும் கருத்து வேறுபாடில்லை. அமைதியடையக் கூடாத இடத்திலும் அது அமைதிப்படுத்திவிடும் என்று இரண்டாவது ஆய்வு எச்சரிக்கிறது. அப்படியானால் கிறிஸ்தவர் கேட்க வேண்டிய கேள்வி, நன்றி நல்லதா என்பதோடு நின்றுவிட முடியாது. யார் யாருக்குச் சொல்லும் நன்றி, யாரிடம் கேட்கப்படும் மனநிறைவு என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

வேதத்தை இந்தக் கேள்வியோடு வாசித்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. உங்கள் சம்பளமே போதும் என்றிருங்கள் என்று யோவான் ஸ்நானகன் சொன்னது யாரிடம்? லூக்கா மூன்றாம் அதிகாரத்தில் அவர் அதைச் சொல்வது போர்ச்சேவகரிடம். மிரட்டியும் பொய்க் குற்றம் சாட்டியும் ஏழைகளிடம் பிடுங்கக்கூடிய அதிகாரம் உள்ளவர்களிடம். அதற்கு முந்தின வசனங்களில், நிர்ணயித்ததற்கு மேல் வாங்காதீர்கள் என்று அவர் சொல்வது வரி வசூலிப்பவர்களிடம். இரண்டு அங்கி உள்ளவன் ஒன்றைக் கொடுக்கட்டும் என்பது இரண்டு அங்கி உள்ளவனிடம். ஓர் அங்கியும் இல்லாதவனிடம் அவர் மனநிறைவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. உணவும் உடையும் இருந்தால் போதும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும் பகுதி, பக்தியை ஆதாயத் தொழிலாக நினைப்பவர்களைக் கண்டித்துத் தொடங்கி, ஐசுவரியவான்கள் தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்ற கட்டளையோடு முடிவை நெருங்குகிறது. எபிரெயருக்கு எழுதின நிருபம் ‘போதும்’ என்பதைப் பண ஆசைக்கு எதிராக நிறுத்துகிறது. வயலை அறுத்தவர்களின் கூலி பிடித்துவைக்கப்பட்டபோதோ யாக்கோபின் தொனியே மாறிவிடுகிறது. அங்கே அவர் கூலியாட்களைப் பொறுத்துப்போகச் சொல்லித் தொடங்கவில்லை. பிடித்த கூலியே கூக்குரலிடுகிறது, அந்தக் குரல் கடவுளின் காதுக்கு எட்டிவிட்டது என்று முதலாளிகளை எச்சரித்துத்தான் தொடங்குகிறார். பொறுமையைப் பற்றிய பேச்சு அதற்குப் பின்னால்தான் வருகிறது. ‘போதும்’ என்ற கட்டளை, பெரும்பாலும், இன்னும் எடுத்துக்கொள்ளக் கை நீளக்கூடியவர்களுக்கே கொடுக்கப்பட்டிருக்கிறது.

இந்த ஒழுங்குக்குச் சிறந்த விளக்கம் நாபோத்தின் திராட்சைத் தோட்டம். அரண்மனையும் நாடும் இருந்தும் பக்கத்திலிருந்த ஒரு தோட்டம் கிடைக்கவில்லை என்று சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்ட ஆகாப் ராஜாதான் அந்தக் கதையில் மனநிறைவு இல்லாதவன். அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லாவிட்டால் பணம் தருகிறேன் என்று அவன் கேட்டான். நாபோத் மறுத்தான், கொல்லப்பட்டான். கிடைத்த விலைக்குத் திருப்தியடையாத நாபோத்தைக் குறைசொல்லி வேதத்தில் ஒரு வரியும் இல்லை. எலியா போய் நின்றது ராஜாவின் முன்னால். நன்றியைப் பற்றியும் இப்படியொரு இடம் எஸ்றாவின் புத்தகத்தில் இருக்கிறது. எருசலேமைக் கட்டும் ஏழை ஜனங்களின் வேலையை நிறுத்தச் சொல்லி அதிகாரிகள் பெர்சிய ராஜாவுக்கு மனு எழுதுகிறார்கள். அரண்மனை உப்பைத் தின்கிறவர்கள் நாங்கள், அதனால்தான் எழுதுகிறோம் என்று தங்கள் விசுவாசத்துக்குக் காரணமும் சொல்கிறார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நாம் சொல்வதன் இருண்ட பக்கம் அது. மேலே இருப்பவனுக்குக் காட்டும் நன்றி, பக்கத்தில் இருப்பவனின் கழுத்தைப் பிடிக்கிறது. இந்தக் கரையில் நின்று அந்தப் பழமொழியைச் சொல்வதென்றால், உப்பிட்டவர் யார் என்றும் கேட்டாக வேண்டும். சோறு போட்ட எசமானரைத்தான் அது குறிக்கும் என்று வழக்கமாக எடுத்துக்கொள்கிறோம். நம் எல்லார் இலையிலும் உப்பை இட்டவர் மரக்காணத்திலும் வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் பாத்தியில் நிற்பவர். அவரை நாம் நினைக்க வேண்டியிருக்க, அவர் நன்றியோடு இருக்கிறாரா என்று நாம் சோதிப்பது முறையல்ல.

கடவுளுக்கு நன்றி சொல்வதில் ஒரு விடுதலை இருப்பதாக எனக்குப் படுவதும் இங்கேதான். சுவாசமும் வெயிலும் பிள்ளையும் கடவுள் தந்தவை என்று ஒருவர் மண்டியிட்டால், அவற்றுக்காக வேறு யாருக்கும் அவர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கூலி உழைப்பின் விலை. அது தயவு ஆகாது. பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் கட்டளையிடுவதும் அதனால்தான். நன்றி கடவுளிடம், கணக்கு முதலாளியிடம் என்று பிரிந்துவிட்டால், ஸ்தோத்திரம் சொல்லும் வாயே கூலி உயர்வையும் கேட்கலாம். இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. சபைகளில் இவை இரண்டும் குழம்பிப்போவதால்தான், உரிமை கேட்பவரை நன்றி கெட்டவர் என்று சொல்லிவிட முடிகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று வேதத்துக்குள்ளிருந்தே வரும். வேலைக்காரர் முரட்டு எசமான்களுக்கும் கீழ்ப்படிய வேண்டும் என்று பேதுருவின் நிருபம் சொல்கிறதே, அழைக்கப்பட்ட நிலையிலேயே நிலைத்திருக்க வேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினாரே என்று கேட்கலாம். அந்த இடங்களை மழுப்புவது நேர்மையாகாது. அமெரிக்கத் தோட்ட முதலாளிகள் அவற்றைக் காட்டித்தான் அடிமைகளை அடக்கிவைத்தார்கள். ஆனால் பேதுரு அங்கே அநியாயமாய்ப் பாடுபடுவது என்றே அந்த நிலைக்குப் பெயர் வைக்கிறார். சகிக்கும்படி சொல்கிறார், சரி என்று சொல்லவில்லை. தப்ப வழியே இல்லாத ஒரு சாம்ராச்சியத்தில் உயிரோடும் மானத்தோடும் இருப்பது எப்படி என்ற ஆலோசனை அது. வழி உள்ளவன் வழியை அடைத்துவிட்டு அதே ஆலோசனையைச் சொல்வது வேறு காரியம். நம் மாநிலத்தில் இது ஏட்டுக் கேள்வியும் இல்லை. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும் என்றானது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியில் நிற்கிறார்கள். அரசு ஒருபுறம் இருக்கட்டும். பழைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் 2008 மார்ச்சில் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த மோதலில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். ஒரே பீடத்தின் முன் சமமாக நிற்க வேண்டும் என்று கேட்டவர்களும், அது முடியாவிட்டால் தனிப் பங்காவது தாருங்கள் என்று கேட்டவர்களும் பலகாலமாகக் கேட்ட புத்திமதி, பொறுத்திருங்கள், உள்ளதில் திருப்தியாயிருங்கள் என்பதுதான். அந்தப் புத்திமதிக்கு யோவான் ஸ்நானகன் குறித்த விலாசம் எதிர்வரிசை. முன்னிருக்கையும் தேர் வரும் தெருவும் தமக்கே வேண்டும் என்று நிற்பவர்களிடம்தான் ‘போதும்’ சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு உலகியல் சார்ந்தது. எல்லாரும் போதும் என்று உட்கார்ந்துவிட்டால் பள்ளிக்கூடம் எப்படி எழும், மருத்துவம் எப்படி வளரும், உப்பளத்துப் பிள்ளை எப்படிக் கல்லூரிக்குப் போகும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் மரக்காணத்துக்குப் பக்கத்திலேயே, திண்டிவனத்தில் கிடைக்கிறது. 1890-களின் தொடக்கத்தில் அங்கே மருத்துவ மிஷனரியாக இருந்த தகப்பனோடு தங்கியிருந்த இளம்பெண் ஐடா ஸ்கடரிடம், ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், பிரசவத்தில் தவிக்கும் தம் மனைவியருக்கு உதவ வரும்படி கேட்டு வந்தார்கள். அவருக்கு மருத்துவம் தெரியாது. ஆண் மருத்துவரான அவர் தகப்பனை அழைத்துப்போக அவர்களுக்கு மனமில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். மிஷனரி வாழ்க்கை வேண்டாம் என்றிருந்த அந்தப் பெண் அமெரிக்கா போய், 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பி, 1900-இல் வேலூரில் சிறு சிகிச்சையறை தொடங்கினார். 1918-இல் அங்கே பெண்களுக்கான மருத்துவப் பள்ளி உருவானது. 1960-இல் இறக்கும்வரை தமிழ்நாடே அவருக்கு ஊர். தமக்கென்று செல்வம், குடும்பம் தேடாத விஷயத்தில் அவரைவிட மனநிறைவோடு வாழ்ந்தவரைக் காண்பது கடினம். அந்த மூன்று சாவுகளைப் பற்றியோ அவர் ஒருநாளும் மனநிறைவு கொள்ளவில்லை. தன் பங்கு போதும், அடுத்தவர் பங்கு போதாது என்ற இந்த இரட்டை மனமே கிறிஸ்தவ மனநிறைவு. இதைத் திருப்பிப் போட்டு, அடுத்தவருக்குக் கிடைத்தது போதும், எனக்குக் கிடைத்தது போதாது என்று வாழ்வதே ஊரில் அதிகம். தன் பங்கில் நிறைந்தவருக்குத்தான் அடுத்தவருக்காக ஓட நேரமும் தெம்பும் மிஞ்சும் என்பதால், மனநிறைவு முயற்சியைக் கொல்லும் என்ற வாதம் நிற்பதில்லை.

மூன்றாவது மறுப்பு எனக்கே அவ்வப்போது எழுவது. நன்றியை இப்படி ஆராய்ந்து பிரித்தால், ஒன்றுமில்லாதவரிடம் மிஞ்சியிருக்கும் ஒரே ஆறுதலையும் பிடுங்கியதாகாதா? ஏழையின் ஸ்தோத்திரத்தை ஏமாளித்தனம் என்று படித்தவர் தள்ளிவிடுவதற்கு இது வழிசெய்யாதா? அப்படி நேர்ந்தால் அது பெரிய அநியாயம். ஜெர்மனியில் முப்பதாண்டுப் போரின்போது ஐலன்பர்க் நகரத்தில் போதகராயிருந்த மார்டின் ரிங்கார்ட் 1637-ஆம் ஆண்டின் கொள்ளைநோயில் ஆயிரக்கணக்கானோரை அடக்கம் செய்தார், மனைவியையும் இழந்தார். உலகெங்கும் சபைகள் பாடும் நன்றிப் பாடல் ஒன்று அவருடையது. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கு, 1708-இன் இறுதியில் டேனிஷ் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு நான்கு மாதம் இருந்தார். விதவை ஒருத்தியின் கடன் வழக்கில் அவள் பக்கம் நின்றதே அதற்கு உடனடிக் காரணம். சிறைக்குச் சற்று முன் தொடங்கிய புதிய ஏற்பாட்டுத் தமிழ் மொழிபெயர்ப்பை வெளியே வந்த பிறகு தொடர்ந்து 1711-இல் முடித்தார். எந்த நிலையிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதியதும் காவலில் இருந்தபோதுதான். இவர்கள் நன்றியை யாரும் மேலிருந்து கட்டளையிட்டு வாங்கவில்லை. பவுல் தன்னைப் பற்றிப் பேசுகிறார், அதே நிருபத்தில் தமக்கு உதவி அனுப்பிய சபையை மனதாரப் பாராட்டுகிறார். வசதியாக இருந்துகொண்டு இன்னொரு கைதிக்கு அவர் இதை எழுதியிருந்தால் அதன் எடை வேறு. உப்பளத்துக்காரர் தாமாகச் சொல்லும் ஸ்தோத்திரம் பவுலின் வரிசையைச் சேர்ந்தது. அதைத் தொட எனக்கு உரிமையில்லை. அதை அவரிடம் எதிர்பார்க்கவும் எனக்கு உரிமையில்லை.

எதிர்பார்க்க உரிமை உள்ள இடம் என் பக்கம்தான், என்னைப் போல மழைக்காலத்திலும் மாதச் சோற்றுக்குக் கவலையில்லாதவர்களின் பக்கம். நன்றியும் மனநிறைவும் பழகிக்கொள்ள வேண்டிய பயிற்சிகள் என்றால், அவற்றின் முதல் பாடம் நம்முடையது. உபாகமத்தின் 26-ஆம் அதிகாரத்தில் முதற்பலன் கூடையோடு வருகிறவன், தன் முன்னோர் அந்நிய நாட்டில் அடிமைகளாயிருந்த கதையைச் சொல்லித்தான் நன்றி செலுத்த வேண்டும். அடுத்து லேவியனும் பரதேசியும் அவனோடு மகிழ வேண்டும். தொடர்ந்து தசமபாகத்தில் திக்கற்றவனும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும். அங்கே திருப்தி என்பது நன்றி சொன்னவனின் மனநிலையைக் குறிக்கவில்லை. அடுத்தவனின் வயிறு நிறைவதைக் குறிக்கிறது. நம் அறுப்பின் பண்டிகைக்கு இதைவிட நல்ல ஒழுங்கு கிடையாது. பூசணிக்காய் ஏலத்தில் வரும் பணம் மண்டபத்து ஓட்டுக்கும் ஒலிபெருக்கிக்கும் போகலாம். ஒரு பங்காவது உப்பு வேலை நின்ற மாதங்களுக்கென்று ஒதுக்கப்படலாம். மேட்டில் மழைக்கு நன்றி சொல்லும் அதே ஞாயிற்றுக்கிழமை பள்ளத்துக்குப் போகும் காணிக்கையாக அது இருந்தால், அந்த ஆராதனையில் சொல்லப்படும் ஆமென் இரு தரப்புக்கும் பொதுவாகும். உப்பின் விலையில் ஒரு ரூபாய் ஏறினால் முணுமுணுக்காமல் இருப்பதும், கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர் கூடும்போது நன்றி கெட்டவர்கள் என்று பேசாமல் இருப்பதும் இந்தப் பயிற்சியில் சேர்த்தி.

இன்னும் கடினமான பாடம் நிலத்தைப் பற்றியது. 1968-இல் ஆரோவில் தோன்றியதிலிருந்து இடையஞ்சாவடியைச் சுற்றிய மண்ணின் மதிப்பு மாறிக்கொண்டே இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை அந்த மாற்றத்துக்கு வேகம் கூட்டியது. முந்திரித் தோப்பு மனையாகிறது, மனை விருந்தினர் இல்லமாகிறது. வாங்குகிறவர்களிலும் விற்றுத் தருகிறவர்களிலும் கிறிஸ்தவர்கள் உண்டு. புதுவீட்டுக்குப் போதகரை அழைத்து ஸ்தோத்திரக் கூட்டம் வைப்பதும் உண்டு. நிலம் வாங்குவது பாவம் என்று சொல்ல வரவில்லை. வாங்கியதற்கு நன்றி சொல்லும்போதே, எங்கே நிறுத்துவேன் என்றும் சொல்லிக்கொள்ளாத நன்றி அரைகுறை என்பதே என் வாதம். வனாந்தரத்தில் மன்னாவை மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கும் மீந்துபோகவில்லை, விடியும்வரை பதுக்கிவைத்ததில் புழு வைத்தது. அந்தக் கண்டிப்பு பட்டினி கிடந்தவர்களைப் பார்த்துச் சொன்னதில்லை, அளவுக்கு மேல் வாரியவர்களைப் பார்த்துச் சொன்னது. போப் பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடல் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் செபிக்கும் பழைய வழக்கத்துக்குத் திரும்பும்படி கேட்கிறது. அந்த வேண்டுகோள், உலகின் நுகர்ச்சி வரம்பு மீறிப் போகிறது என்ற நீண்ட குற்றச்சாட்டின் முடிவுப் பகுதியில்தான் வருகிறது. சாப்பாட்டுச் செபம் சிறியது. ஆனால் இந்த உணவை விளைவித்த கைகளை நினைக்காமல் அதைச் சொல்ல முடியாது என்றாகிவிட்டால், இலையில் வைக்கும் உப்பிலிருந்தே நம் கணக்கு தொடங்கும்.

ஆக, நன்றியும் மனநிறைவும் கிறிஸ்தவ வாழ்வின் மையத்தில் இருக்கட்டும். அவற்றைக் கைவிட நான் சொல்லவில்லை. அவை எந்தத் திசையில் பேசப்பட வேண்டும் என்பதில்தான் பிடிவாதமாயிருக்கிறேன். இருப்பவரைப் பார்த்து ‘போதும்’ என்று சொன்னால் அது சுவிசேஷம். இல்லாதவரைப் பார்த்து அதே சொல்லைச் சொன்னால் அது ஆகாபின் பக்கம் நின்று நாபோத்துக்குச் செய்யும் பிரசங்கம். அடுத்த அறுப்பின் பண்டிகையில் மனநிறைவைப் பற்றிப் பேச வருகிற போதகர், தம் வசனத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அது முதன்முதலில் யாரிடம் சொல்லப்பட்டது என்று பார்த்துக்கொண்டால் போதும். பிறகு அவர் யாரைப் பார்த்துப் பேச வேண்டும் என்பது அவருக்கே தெரிந்துவிடும்.